மிசியின் பதில்கள்: கடதாசி யார் கையில்?

(மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் 31 வருடம் குடும்ப நல உத்தியோகத்தராக, ஊர்வழக்கில் "மிசி"யாக, இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கடிதங்களுக்கு மாதந்தோறும் பதில் எழுதுகிறார்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் விழுகிற அடியைப் பற்றியவை. முதல் கடிதத்துக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுபோயிற்று. பிள்ளை சாப்பிடவில்லை, பல் முளைக்கவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மூத்த மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் சமூகப்பணி படிக்கிறாள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிடையே குடும்ப வன்முறை பற்றி விழிப்புணர்வு செய்கிற ஒரு குழுவில் அவளைப் பயிற்சிக்கு விட்டிருக்கிறார்கள். மெக்சிக்கோ, ஹொண்டுராஸ், எல் சல்வடோர் பெண்களாம். கூட்டம் வைத்தால் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். ஒருத்தியும் வாய் திறப்பதில்லையாம். "அம்மா, நம்மட ஊர் மிசிமார் எப்பிடிக் கதைக்க வச்சவங்க எண்டு கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். எனக்கோ வேறு பயம். அந்நிய நாட்டில், யாரோ சனத்தின் குடும்பச் சண்டைக்குள் இவள் ஏன் தலையைக் கொடுக்கவேண்டும்?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, உங்கள் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். இந்த வேலைக்குப் போகிற பிள்ளை, புருஷன் நிற்கிற நேரம் அந்த வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது. தன்னுடைய விலாசத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது. "நீங்களே அவரிட்ட ஒருக்காச் சொல்லுங்களன்" என்று அந்தப் பெண்ணே கெஞ்சினாலும் தூது போகக்கூடாது. நீங்கள் தந்த இலக்கத்துக்கு எடுத்து இரண்டு இரவு மகளோடு வீடியோவில் கதைத்தேன். முதல் இரண்டையும் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதை நான் சொன்னேன், கொப்பியில் எழுதிக்கொண்டாள். கவனமான பிள்ளை. நீங்கள் நித்திரை கொள்ளலாம்.

இனி அவள் கேட்டது. அதற்கு எனக்குப் பதில் கற்றுத்தந்தவள் ஒரு கர்ப்பிணி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு பள்ளிக்கூட அறைதான் எங்கள் கிளினிக். மண்முனைப் பாலம் 2014 இல்தான் வந்தது. அதுவரை ஆற்றைக் கடக்கப் "பாதை" என்கிற மிதவைப் படகுதான். பாதை பிந்தினால் கிளினிக்கும் பிந்தும். தாய்மார் பிள்ளைகளை இடுப்பு மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். அப்படி ஒரு நாள், ஆறு மாதம், இரண்டாவது பிள்ளை. பிரசர் பார்க்கச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். மேற்கையின் வெளிப்பக்கம் நான்கு கண்டல், ஒன்றின் கீழ் ஒன்றாக, விரலளவு அகலம். உட்பக்கம் ஒன்று, கொஞ்சம் பெரிது. பிரசர் பட்டியைச் சுற்றினால் ஐந்தும் அதற்குள் மறைந்துவிடும்.

"என்ன புள்ள இது?"

"மாடு இடிச்சிட்டு மிசி."

எனக்கு அப்போது வயதும் குறைவு, வாயும் கூட. "மாட்டுக்கு விரல் இருக்காகா?" என்று கேட்டுவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் அவள் வரவில்லை. நான்தான் அவளை வரவிடாமல் செய்தேன் என்பதை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். மறுகா ஒரு நாள் சைக்கிளில் அவள் வளவுக்குப் போனேன். மூத்ததை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டு, மழையையும் வேளாண்மையையும் பற்றிக் கதைத்தேன். அடியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. எழும்பும்போது, "கிளினிக் காட்டை எங்க வைக்கிற நீ, மழைக்கு நனையாமப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன்.

"அது அவர்ட பெட்டிக்குள்ள மிசி."

"அடையாள அட்டை?"

"அதுவும்."

"வீட்டு உறுதி உன்ட பேரிலதானே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பேருதான் என்ட. எல்லாம் அவர்ட பெட்டிக்குள்ளதான் கிடக்கு. தாங்க எண்டு கேட்ட அண்டைக்குத்தான் இந்தக் கை." அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தாள். நான் கேள்வியே கேட்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பெண்ணிடமும் "அவர் அடிக்கிறவரா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டதில்லை. கடதாசி யார் கையில் என்றுதான் கேட்பேன். உங்கள் மகளிடம் இதைச் சொன்னபோது திரையில் அவள் முகம் மாறியது. "மிசி, இஞ்ச முழுக்க அதான் விசயம்" என்றாள்.

அவள் சொன்னதையும், எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரோடு இருந்து வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளும் இப்போது அந்த நாடுகளுக்குக் கலியாணம் செய்து போகிறார்கள், அதனால் இது எங்களுக்கும் வேண்டியது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் காட்டோ (நிரந்தர வதிவிட அட்டை) உள்ள ஒருவரைக் கட்டியவளுக்கு அங்கே தங்குவதற்கான கடதாசி எடுக்க விண்ணப்பம் போடுகிறவர் வழமையாகப் புருஷன். அவர் போட்டால்தான் உண்டு. சண்டை வந்தால் ஒரே வார்த்தை: "லா மீக்ராவைக் கூப்பிடுவேன்." குடிவரவு அதிகாரிகளை அவர்கள் சொல்கிற பேர் அது. பிள்ளை அங்கே பிறந்திருந்தால் இன்னும் மோசம். உன்னை அனுப்பிவிடுவார்கள், பிள்ளை என்னோடு நிற்கும் என்பார். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய்வந்த எங்கள் பெண்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பாஸ்போட் வீட்டு மேடத்தின் அலுமாரிக்குள் இருக்கும்போது வாய் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் புருஷன் சொல்வதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி அமெரிக்காவில் 1994 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, குடியுரிமையோ கிரீன் காட்டோ உள்ளவரிடம் அடிபடுகிற மனைவி, அவருடைய கையெழுத்தோ சம்மதமோ இல்லாமல் தனக்காகத் தானே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த செய்தி அவருக்குப் போகாது; அதை வெளிவிடக்கூடாது என்று அதிகாரிகளுக்கு 1996 இல் சட்டத்தாலேயே தடை போட்டிருக்கிறார்கள். உண்மையான கலியாணம், சேர்ந்து வாழ்ந்தது, கொடுமை நடந்தது என்பவற்றைக் காட்டவேண்டும். புருஷனுக்கே கடதாசி இல்லையென்றால் இந்த வழி சரிவராது. அதற்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில் யூ விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: குற்றத்துக்கு ஆளானவர் விசாரணைக்கு உதவினால் தங்கலாம். ஆனால் வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான், ஆகவே வரிசை வருடக்கணக்கில் நிற்கிறது. வரிசை நீளம் என்பதையும் பெண்களிடம் மறைக்காமல் சொல்லும்படி மகளிடம் சொன்னேன். நம்பவைத்துக் கைவிட்டால் அந்தப் பெண் திரும்ப வரமாட்டாள், தன் தங்கச்சியையும் வரவிடமாட்டாள்.

இன்னொரு சங்கதி எனக்குப் புதிது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் "நொத்தாரியோ" என்றால் பெரிய சட்டம் படித்தவர். அமெரிக்காவில் "நோட்டரி" என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி நிற்கிறவர் மட்டும். ஊர்ப்பழக்கத்தில் நொத்தாரியோ என்ற பலகையைக் கண்டு போய், காசையும் கொடுத்து, பிழையான விண்ணப்பம் போட்டு மாட்டுப்பட்டவர்கள் நிறையப்பேர். எங்கள் ஊரிலும் உறுதி எழுதுகிறவர் நொத்தாரிசுதானே. அங்கே போகிற எங்கள் சனமும் அதே பிழையை விடலாம், கவனம்.

பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்லமாட்டேன். 2017 இல் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் தலைவராக இருந்த சார்லி பெக், லத்தீன் சமூகத்திலிருந்து வருகிற பாலியல் வன்முறை முறைப்பாடுகள் முந்திய வருடத்தின் அதே காலத்தைவிட 25 சதவீதமும், குடும்ப வன்முறை முறைப்பாடுகள் 10 சதவீதமும் குறைந்துவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அடி குறைந்ததாக அவர் நினைக்கவில்லை. நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில் சனம் பொலிஸுக்கு வருவதில்லை என்றார். யுத்த காலத்தில் எங்கள் பெண்கள் ஏன் பொலிஸுக்குப் போகவில்லை? அடித்தவன் என்றாலும், பிடித்துக்கொண்டு போனால் உயிரோடு வருவானோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பார்த்து "உங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எந்த அதிகாரி சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

மகள் எனக்கு இரண்டு சொல் சொல்லித்தந்தாள். ஒன்று "அகுவாந்தார்": தாங்கிக்கொள், பொறுத்துக்கொள். மற்றது "எல் கே திரான்": "என்ன சொல்லுவாங்களோ" என்பதற்கே பேய்க்குப் பேர் வைத்ததுபோல ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கல்லாறும் குருக்கள்மடமும்தான் கண்ணுக்குள் வந்தது. "நாலு சனம் என்ன கதைக்கும்" என்று தாய் மகளின் வாயைப் பொத்துகிற அதே கை.

ஆகவே மகளே, கூட்டத்தின் பதாகையில் "குடும்ப வன்முறை" என்று எழுதாதே. அந்தப் பதாகையின் கீழே வந்து இருந்தால் அவளுக்கு வீட்டில் அடி என்று ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளையின் நிறை, தையல், பள்ளிக்கூடப் படிவம் நிரப்புதல், எது வேண்டுமானாலும் எழுது. கதைக்கிறவள் அவர்களில் ஒருத்தியாக இருக்கவேண்டும். "புரொமொத்தோரா" என்று அவர்களுக்குள்ளேயே பெண்களைப் பயிற்றி வீடுவீடாகச் சுகாதாரம் சொல்ல அனுப்புகிற வழக்கம் அங்கே இருக்கிறதாமே, அதுதான் நாங்கள். மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் போல் நகரத்தில் 1982 இல் லத்தீன் பெண்களே தொடங்கிய "காசா தெ எஸ்பெரான்சா", நம்பிக்கை வீடு என்று அர்த்தம், இப்படித்தான் வளர்ந்தது. இப்போது அதன் பேர் "எஸ்பெரான்சா யுனைட்டட்". உங்கள் டெக்சாஸில் ஒஸ்டின் நகரத்திலிருந்து 1996 முதல் நடக்கிற தேசிய உதவித் தொலைபேசியிலும் ஸ்பானிய மொழியில் கதைக்கலாம்.

அந்த இலக்கத்தைப் பெரிய துண்டுப்பிரசுரத்தில் கொடுக்காதே. அதை அவள் எங்கே வைப்பாள்? சப்பாத்துக்குள் வைக்கத்தக்கதாக மடிக்கிற சின்ன அட்டை அங்கே இருக்கிறதாக நீயே சொன்னாய். நான் பஸ் டிக்கட் அளவு கடதாசியில் இலக்கத்தை மட்டும் எழுதி, பிள்ளையின் நிறை பார்க்கிற புத்தகத்தின் உறைக்குள் செருகிவிடுவேன். தடுப்பூசி போட்ட திகதி எழுதுகிற புத்தகத்தை எந்தப் புருஷனும் புரட்டிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

கேள்வி: சுனாமியில போன வீடு அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. பிறகு கட்டித்தந்த வீடு அவர்ட பேரில. இப்ப குடிச்சிட்டு வந்து அடிச்சு "என்ட வீட்ட விட்டு இறங்கு" எண்டு சொல்றார். பொலிஸுக்கு ரெண்டு தரம் போனன். சமாதானம் பேசி அனுப்பிட்டாங்க. கோட்டுக்குப் போனா அவர மறியலில போடுவாங்களா? பிள்ளைகளுக்குச் சாப்பாடு அவர்ட உழைப்புத்தான்.
- பெயர் வேண்டாம், திருக்கோவில்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பி முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து மனைவி வீட்டில் இருப்பார். பக்கத்து வளவில் அம்மா, அடுத்த வளவில் அக்கா. அதனால் அடி இல்லாமல் போகவில்லை, ஆனால் அடித்தவருக்கு "இறங்கு" என்று சொல்ல வாய் வராது. 2004 டிசம்பர் 26 அந்த வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. புது வீடு கொடுத்தபோது "குடும்பத் தலைவர்" பேரில் பதிந்தார்கள், தலைவர் என்றால் ஆண் என்று வைத்துக்கொண்டு. கூட்டாகப் பதியுங்கள் என்று பெண்கள் அமைப்புகள் எவ்வளவோ கேட்டன. ஒரு படிவத்தின் ஒரு பெட்டிக்குள் யார் பேரை எழுதினார்களோ, அதை வைத்துத்தான் இன்று உங்களை இறங்கச் சொல்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உறுதி யார் பேரில் என்பது இதற்குத் தேவையில்லை. நீங்கள் இருவரும் இருக்கிற வீட்டுக்குள் அவர் வரக்கூடாது என்றோ, உங்களை நடுத்தெருவில் விடும்படி அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றோ நீதவான் கட்டளை போடலாம். அவசரமென்றால் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை. விசாரித்தபின் 12 மாதம்வரை. தற்காலிகமாக அம்மாவோடு போய் நின்றால் அந்த இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம்.

மறியல் பற்றிக் கேட்டீர்கள். கட்டளை எடுப்பதால் அவருக்கு மறியல் இல்லை, குற்றவாளி என்ற பேரும் இல்லை. கட்டளையை மீறினால்தான் 10,000 ரூபாய்வரை தண்டமோ ஒரு வருடம்வரை மறியலோ, இரண்டுமோ. பெண்கள் பாதிப்பேர் இது தெரியாமல்தான் திரும்பி வருகிறார்கள்.

அடுத்த முறை அடி விழுந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். "விழுந்திட்டன்" என்று சொல்லாதீர்கள். டொக்டர் எழுதுவதுதான் பிறகு சாட்சி. பெரிய அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு அறை இருக்கும், அங்கே தனியாகக் கதைக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. போனில் கேட்க 1938. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனால் கதையே வேறு.

ஒன்று சொல்லவேண்டும். ஒரு பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பிள்ளையோடு போயிருந்தேன். அவள் தமிழில் அழுது சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்து வை" என்று தள்ளினார்கள். வாசித்துக் காட்டச் சொன்னேன். முகத்தில் மூன்று தையல் போட்டிருந்த பிள்ளை. எழுதியிருந்தது "சிறு வாய்த்தர்க்கம்" என்று. நான் இருந்ததால் கிழித்துவிட்டு வேறு எழுதினார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய ஒன்றுக்கும் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: முஸ்லிம் பெண்களுக்கும் இந்தச் சட்டம் செல்லுமா? எங்கள் ஊரில் காதியாரிடம்தான் போகவேண்டும் என்கிறார்களே.
- ஒரு மாணவி, அக்கரைப்பற்று

பதில்: செல்லும், மகள். விவாகரத்து, தாபரிப்பு போன்றவை காதி நீதிமன்றத்தில். அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்பது நீதவானிடம், இந்த நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே வாசல். ஒன்றுக்காக மற்றதைக் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கேள்வி: இந்தச் சட்டங்களும் நிறுவனங்களும் வந்த பிறகுதான் குடும்பங்கள் பிரிகின்றன. எங்கள் பெத்தாமார் பொறுமையாக இருந்து ஏழெட்டுப் பிள்ளைகளை வளர்த்தெடுக்கவில்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

பதில்: ஐயா, என்னுடைய பெத்தாவுக்கு இடது காது கேட்காது. நாங்கள் பேரப்பிள்ளைகள் எப்போதும் வலப்பக்கம் போய் இருந்துதான் கதைப்போம். வயது போனதால் என்று நினைத்திருந்தேன். அவ செத்த வீட்டில், எட்டுச் சடங்குக்குப் பலகாரம் சுடும்போது, அவவின் தங்கச்சி சொன்னா: "அது உன்ட அம்மாவ வயித்தில வச்சிருக்கக்குள்ள மூத்தப்பா அடிச்ச அடி." பெத்தா எட்டுப் பிள்ளை வளர்த்தா. ஒற்றைக் காதால் வளர்த்தா. பொறுமை என்று நாங்கள் புகழ்ந்துகொண்டிருந்தோம், அவவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுக்கச் செய்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் அந்தத் துணையிடமே உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள் என்று வந்தது. ஐந்து பேருக்கு ஒருத்தி. நீங்கள் படிப்பித்த வகுப்புகளில் எத்தனை பெண்பிள்ளைகள் இருந்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், ஐயா. கணக்கை நீங்களே பாருங்கள்.

கேள்வி: தங்கச்சி கலியாணம் செய்து கனடாவுக்குப் போய் ஒரு வருடம். அடிக்கிறார். "பிரிஞ்சா உன்ட பீ.ஆர். போயிரும், திருப்பி அனுப்பிடுவாங்க" என்கிறாராம். உண்மையா?
- ஓர் அக்கா, செங்கலடி

பதில்: ஒரு காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது. 2012 இல் கனடா ஒரு விதி போட்டது: புதிதாகக் கலியாணம் செய்து வருகிறவர் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவிடம் (பீ.ஆர்.) நிலைக்கும் என்று. அடிபடுகிற பெண்களுக்கு விதிவிலக்கு இருந்தும் அது பலருக்குத் தெரியவில்லை. 2017 ஏப்ரலில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். இன்று உங்கள் தங்கச்சியிடம் பீ.ஆர். இருந்தால், புருஷனைப் பிரிந்ததற்காக அது போகாது. இன்னும் கிடைக்காமல் விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று 2019 முதல் தற்காலிக வதிவிட அனுமதி இருக்கிறது. ஒன்டாரியோவில் என்றால் 211 க்கு எடுத்துத் தமிழில் கதைக்க ஆள் கேட்கலாம். பாஸ்போட், பீ.ஆர். காட் இரண்டையும் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதைத் தன் போனில் அழித்துவிடச் சொல்லுங்கள். இன்றைக்கே.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் நவம்பர் 25 இல், பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்புத் தினத்துக்கு, ஊர்வலம் போகிறோம். ஏன் அந்தத் திகதி? பதாகையில் ஏன் வண்ணத்துப்பூச்சி?
- பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

பதில்: இதுவும் ஸ்பானிய மொழி பேசுகிற ஒரு நாட்டிலிருந்து வந்ததுதான். டொமினிக்கன் குடியரசில் துருகியோ என்ற சர்வாதிகாரியை எதிர்த்த மிராபால் சகோதரிகள், பத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா. இரகசிய வேலையில் அவர்களுக்கு "வண்ணத்துப்பூச்சி" என்று பேர். 1960 நவம்பர் 25 அன்று, சிறையிலிருந்த கணவன்மாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மறித்து அடித்துக் கொன்று, வாகன விபத்துப்போலக் காட்ட ஜீப்போடு பள்ளத்தில் தள்ளினார்கள். சாரதியையும் கொன்றார்கள். விபத்து என்ற கதையை ஒருவரும் நம்பவில்லை. அடுத்த மே மாதம் துருகியோவும் கொல்லப்பட்டார். 1981 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்க, கரிபியன் பெண்கள் அந்த நாளை எடுத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1999 இல் ஏற்றுக்கொண்டது.

நான்காவது சகோதரி தெதே அன்று அந்த ஜீப்பில் இல்லை. செத்த மூன்று பேரின் பிள்ளைகளையும் அவர் வளர்த்தார், 2014 வரை உயிரோடிருந்தார். ஊர்வலத்தில் போகும்போது எனக்கு அவரைத்தான் நினைவு வரும். முறிந்த வீட்டில் மிஞ்சிய ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் இழுத்துப் பிடித்து வளர்ப்பதை இந்த மாவட்டத்தில் நாங்கள் கொஞ்சமாகவா கண்டிருக்கிறோம்?

டெக்சாஸில் இருக்கிற களுவாஞ்சிக்குடி மகளுக்கு: உன் அடுத்த கூட்டத்தில் இந்தச் சகோதரிகளின் கதையைச் சொல்ல அவர்களில் ஒருத்தியைக் கேள். நீ சொல்லவேண்டாம், அவர்கள் சொல்லட்டும்.

கேள்வியை அச்சிடவேண்டாம் என்று எழுதியவருக்கு:

கிடைத்தது. கடிதத்தை எரித்துவிட்டேன். வழமைபோலக் கிளினிக் நாளுக்குப் பிள்ளையின் நிறை பார்க்கப் போங்கள், புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் இருங்கள், ஒருவரோடும் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. உங்கள் முறை வந்ததும் மிசியிடம் "பிரசரும் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பேர் சொல்லாமல் அவவோடு கதைத்து வைத்திருக்கிறேன். அவ கதவைச் சாத்திவிட்டு வந்து இருப்பா.